24 அடியிலிருந்து 18 அடிக்கு: சரிவில் நிற்கும் மரப்பரணின் உயரக் கணக்கு

மான் வேட்டைக்கு மரத்தில் பரண் கட்டப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை அடியில் கட்டலாம்?" என்றுதான். கிடைக்கிற பதில் பெரும்பாலும் இருபது. சமதளக் காட்டில் அந்த எண்ணால் பெரிய தொந்தரவு வராது. நிலம் சரிந்துவிட்டால் அதே இருபது ஒரு பக்கத்து மானுக்குப் பதினொன்றாகவும் மறுபக்கத்து மானுக்கு முப்பத்து மூன்றாகவும் ஆகிவிடும். இந்த ஆய்வு அப்படிப்பட்ட ஒரு சரிவில் 24 அடியில் கட்டிய பரண் ஏன் வேலை செய்யாது, 18 அடி ஏன் வேலை செய்யும் என்பதைப் பற்றியது.

ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே பேசுவதெல்லாம் அமெரிக்காவில் உரிமம் எடுத்து, அதற்கான பருவத்தில் செய்யும் வெண்வால் மான் வேட்டை பற்றி மட்டுமே.

பரண் என்ற சொல் நமக்குப் பழையது. தினைப்புனம் காக்கப் பரணும் இதணும் கட்டிய நிலம் நம்முடையது. ஆனால் அந்தப் பரணில் இருப்பவர் கண்ணில் பட வேண்டும், குரல் கேட்க வேண்டும். கிளி பறக்க வேண்டும். வேட்டைப் பரணில் எல்லாம் தலைகீழ். அங்கே உயரம் என்பது ஒளிந்துகொள்ளும் கணக்கு.

இடம்

தென்மேற்கு விஸ்கான்சினில் டிரிஃப்ட்லெஸ் என்று ஒரு பகுதி உண்டு. பனியுகத்துப் பனிப்பாறைகள் சுற்றிலும் படர்ந்தும் இந்தப் பகுதியின் மேல் ஏறவில்லை. அதனால் நிலம் தேய்ந்து சமமாகாமல் முகடும் பள்ளத்தாக்குமாக மடிந்து கிடக்கிறது. முகட்டின் மேல் மக்காச்சோளமும் குதிரைமசாலும் பயிராகும் வயல்கள். சரிவில் ஓக், ஹிக்கரி, பாஸ்வுட் மரங்கள். அடியில் ஓடை. பகலில் சரிவின் மேல்பாகத்தில் படுத்திருக்கும் மான்கள் பொழுது சாயும்போது எழுந்து வயலை நோக்கிப் போகும். வெளிச்சம் இருக்கும்வரை வயலில் இறங்கத் தயங்கி, வயலுக்குச் சற்றுக் கீழே சரிவுக்குக் குறுக்காக ஓடும் தடத்தில் நேரத்தைக் கழிக்கும். வில் வேட்டைக்காரருக்கு வேண்டிய இடம் அந்தத் தடம்தான்.

கீழே வரும் அமைப்பு அந்தப் பகுதிச் சரிவுகளில் சாதாரணமாகக் காணக்கூடியது. கணக்குப் போட வசதியாக எண்களை முழுமையாக்கியிருக்கிறோம். தென்கிழக்கு நோக்கிய சரிவு. நான்கு அடி நடந்தால் ஓர் அடி இறக்கம், அதாவது 25 சதவீதம், கோணத்தில் 14 டிகிரி. நடுவில் ஒரு வெள்ளை ஓக். அதன் அடிவாரத்தைச் சுழியமாக வைத்துக்கொள்வோம். மேட்டுப் பக்கம் 12 கஜத்தில் (36 அடி) மேல் தடம். அங்கே தரை 9 அடி உயர்ந்திருக்கும். அதே திசையில் 20 கஜத்தில் இளம் ஓக் புதர்வரிசை, சுமார் 14 அடி உயரம். 40 கஜத்தில் (120 அடி) வயலோரம். அங்கே தரை 30 அடி உயர்ந்துவிட்டது. பள்ளத்துப் பக்கம் 18 கஜத்தில் (54 அடி) கீழ்த் தடம், தரை 13.5 அடி தாழ்ந்திருக்கும். நம் மரத்துக்கு 3 கஜம் கீழே இன்னொரு ஓக். அதன் கிளைக்கூட்டம் நம் மரத்தின் 15 அடியிலிருந்து 22 அடி வரைக்கும் பின்னணியாக நிற்கிறது.

நவம்பரில் இங்கே வடமேற்குக் காற்று அதிகம். அது முகட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கும். மேல் தடத்தில் வரும் மானுக்கு நம் வாடை போகாது. வாடை போவது கீழ்த் தடத்தின் பக்கம்.

24 அடி என்று முடிவு செய்தது எப்படி

இப்படிப்பட்ட இடத்தில் 24 அடிக்குப் போகிறவர் சொல்லும் காரணங்கள் மூன்று. உயரப் போனால் வாடை மானின் தலைக்கு மேலே போய்விடும். உயரப் போனால் மானின் கண்ணில் படமாட்டோம். உயரப் போனால் தூரம் வரை தெரியும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் இந்த முடிவு தப்பாகத் தோன்றுவதில்லை. ஆகஸ்டில் பரணை மாட்டும்போது மரமெல்லாம் இலை. 24 அடியில் உட்கார்ந்தால் கூடாரத்துக்குள் இருப்பதுபோல் இருக்கும். இனச்சேர்க்கைப் பருவம் உச்சத்தில் இருக்கும் நவம்பர் முதல் பாதிக்குள் பாஸ்வுட்டும் ஹிக்கரியும் மொட்டையாகிவிடும். ஆகஸ்டில் மறைத்தவை எதுவும் அப்போது கூட இருக்காது.

கண்

மான் மேலே பார்க்காது என்பது பலர் நம்பிக்கொண்டிருக்கும் தவறு. மானின் கண்மணி கிடைமட்டமாக நீண்டது. தலையைத் திருப்பாமலே தொடுவானத்தின் பெரும்பகுதியில் அசைவைப் பிடிக்கும். மேல்நோக்கிப் பார்ப்பது அதற்கு அவ்வளவு இயல்பாக வராது, அது உண்மை. ஆனால் ஒருமுறை மரத்தில் ஆளைப் பார்த்துப் பழகிய மூத்த பெண் மான், அந்த மரத்தை நெருங்கும்போதே நின்று அண்ணாந்து பார்க்கும். வேட்டையைக் கெடுப்பது பெரும்பாலும் கொம்புள்ள ஆண் மானைவிட, குட்டிகளோடு வரும் இந்தப் பெண் மான்தான்.

கணக்கைப் பார்ப்போம். பரணில் உட்கார்ந்தவரின் தலை, தளத்திலிருந்து ஏறக்குறைய 4 அடி மேலே இருக்கும். மானின் கண் தரையிலிருந்து மூன்றரை அடி என்று வைத்துக்கொள்ளலாம். பரண் 24 அடி என்றால் தலை 28 அடியில். வயலோரத்தில் நிற்கும் மானின் கண் எங்கே? 30 அடித் தரை, அதன் மேல் 3.5, ஆக 33.5 அடி. அதாவது அந்த மான் நம்மை அண்ணாந்து பார்க்கவே வேண்டாம். நாம் அதன் கண்மட்டத்துக்கு ஐந்தரை அடி கீழே, எதிரே இருக்கும் ஆளைப்போல் உட்கார்ந்திருக்கிறோம்! 24 அடி ஏறியவர் தன்னை மறைத்துக்கொண்டதாக நினைக்கிறார். உண்மையில் அவர் தன்னைத் தரைமட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

உயரத்தால் இதிலிருந்து தப்புவதென்றால் நாற்பது அடிக்கு மேல் போக வேண்டும். அதை யாரும் செய்யக் கூடாது. ஆகவே மறைப்பைத்தான் தேட வேண்டும். இருக்கும் ஒரே நல்ல மறைப்பு 20 கஜத்தில் உள்ள அந்த இளம் ஓக் புதர். இளம் ஓக்குகள் காய்ந்த பழுப்பு இலையைக் குளிர்காலம் வரை விடாமல் பிடித்துவைத்திருக்கும். நவம்பரில் இந்தக் காட்டில் நம்பக்கூடிய திரை அது. வயலோர மானின் கண்ணிலிருந்து நம் தலைக்கு ஒரு கோடு இழுத்தால், பரண் 24 அடியில் இருக்கும்போது அந்தக் கோடு புதர் நிற்கும் இடத்தில் தரையிலிருந்து 15.75 அடி உயரத்தில் போகும். புதரோ 14 அடி. திரைக்கு மேலே தலை தெரிகிறது. பரண் 18 அடியில் இருந்தால் கோடு 12.75 அடியில் போகும். திரைக்குள் ஓர் அடிக்கு மேல் இறங்கிவிட்டோம். 15 அடியில் இருந்தால் 11.25. இன்னும் வசதி.

அப்படியானால் 15 அடியிலேயே கட்டிவிடலாமே? அங்கேதான் மேல் தடம் குறுக்கே வருகிறது. 12 கஜத்தில் கடந்துபோகும் மானின் கண் 12.5 அடியில் இருக்கும். பரண் 15 அடி என்றால் நம் தலை அதன் பார்வைக்கு வெறும் 10 டிகிரி மேலே. மான் சாதாரணமாக நடந்து போகும்போதே வில்லை இழுக்கும் கை கண்ணில் பட்டுவிடும். 18 அடியில் அது 15 டிகிரி. 24 அடியில் 23 டிகிரி. மேல் தடத்து மானுக்கு நாம் உயரமாக இருக்க வேண்டும், வயலோரத்து மானுக்குத் தாழ்வாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட இடம் 17 முதல் 19 அடி. பின்னணியில் நிற்கும் இரண்டாவது ஓக்கின் கிளைக்கூட்டமும் 15 முதல் 22 அடி வரைதான். 18 அடியில் உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து தலை வரை அந்தக் கிளைகளின் முன்னால் வருகிறது. 24 அடியில் உட்கார்ந்தவருக்குப் பின்னால் வெறும் வானம்.

வானத்தின் முன்னால் கறுப்பாகத் தெரியும் உருவத்துக்கு எந்த உருமறைப்புத் துணியும் உதவாது.

இதைக் கணக்கில் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மார்ச் மாதம், பனி உருகி இலை துளிர்க்காத நாளில் போங்கள். அப்போது காடு நவம்பரில் இருப்பதுபோலவே இருக்கும். பழைய தடங்களும் தெளிவாகத் தெரியும். நீளமான கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் சிறு மணல்பை கட்டி, உயரமான கிளை மேல் எறிந்து தொங்க விடுங்கள். நீங்கள் நவம்பரில் போடப்போகும் ஜாக்கெட்டையே ஒரு குச்சியில் விரித்து அந்தக் கயிற்றில் கட்டி மேலே இழுங்கள். ஒருவர் கயிற்றைப் பிடிக்க, இன்னொருவர் மேல் தடத்துக்கும் கீழ்த் தடத்துக்கும் வயலோரத்துக்கும் போக வேண்டும். போனவர் நின்று பார்க்கக் கூடாது. முழங்கால் போட்டு, கண்ணை மூன்றரை அடிக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். நின்று பார்த்தால் மறைந்துவிட்ட ஜாக்கெட், மண்டியிட்டதும் இரண்டு கிளைகளுக்கு நடுவே பளிச்சென்று தெரிவது உண்டு. ஜாக்கெட்டைத் தலை வரும் உயரத்தில் நிறுத்துங்கள்: 15 அடிப் பரணுக்கு 19, 18 அடிக்கு 22, 24 அடிக்கு 28. ஒவ்வொரு நிலையிலும் கயிற்றை லேசாக ஆட்டச் சொல்லுங்கள். நின்றிருக்கும் துணி தெரிகிறதா என்பதைவிட, அசையும் துணி தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

மூக்கு

மானை ஏமாற்றக் கண்ணைவிட மூக்கு கடினம். உயரம் வாடையைக் கொஞ்ச தூரம் தள்ளிப் போடும், அவ்வளவே. நிலையான காற்று வீசும்போது 24 அடியிலிருந்து புறப்பட்ட வாடை, 18 அடியிலிருந்து புறப்பட்டதைவிடச் சற்றுத் தள்ளித் தரையைத் தொடும். பள்ளத்துப் பக்கம் தரையும் சேர்ந்து இறங்குவதால் கீழ்த் தடத்தைத் தாண்டிப் போய்விடவும் வாய்ப்புண்டு. நண்பகலில் இது சரி.

மாலையில் சரியில்லை. தென்கிழக்குச் சரிவில் சூரியன் முதலில் மறையும். முகட்டின் மேல் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சரிவு நிழலுக்குள் போய்விடும். தரையும் தரையொட்டிய காற்றும் குளிரத் தொடங்கும். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் சேரும். நாள் முழுக்க வீசிய வடமேற்குக் காற்று பொழுது சாயும்போது அடங்கிவிட்டால், வழிந்தோடும் இந்தக் காற்றுதான் வாடையை எடுத்துச் செல்லும். அப்போது 24 அடியில் இருந்தாலும் 18 அடியில் இருந்தாலும் வாடை கீழ்த் தடத்தின் மேல்தான் இறங்கும்.

இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி உண்டு. வட அமெரிக்க வயலோரங்களில் மில்க்வீட் என்ற செடி வளரும். நம் எருக்கின் சொந்தக்காரச் செடி. காய் வெடித்தால் அதே வெள்ளைப் பட்டுப் பஞ்சு. செப்டம்பர் கடைசியில் ஒரு கைப்பிடி காய் பறித்து மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். பரணில் உட்கார்ந்து ஒரு இழையை விடுங்கள். பொடி தூவிப் பார்ப்பவர்களுக்கு முதல் ஐந்தாறு அடி மட்டும்தான் தெரியும். பஞ்சோ ஐம்பது கஜம் வரை கண்ணுக்குத் தெரிந்தபடியே போகும். மாலை 3 மணிக்கு விட்ட இழை மிதந்துகொண்டே பள்ளத்தாக்கின் மேல் போவதையும், 4 மணிக்கு மேல் விட்டது பத்தடி மிதந்து, தயங்கி, பின்பு படிப்படியாக இறங்கிக் கீழ்த் தடத்துப் புல்லில் ஒட்டிக்கொள்வதையும் ஒரே நாளில் பார்க்கலாம். நவம்பர் தொடக்கத்தில் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பிய பிறகு இங்கே சூரியன் 5 மணிக்கு முன்பே மறைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆக, இந்த மரத்தில் கீழ்த் தடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். மாலை உட்காரும் இடம் இது; எதிர்பார்ப்பது மேல் தடத்தை. கீழிருந்து நிறைய மான் ஏறி வருகிறது என்று தெரிந்தால் வேறு மரம் பார்க்க வேண்டும். அந்தப் பிரச்சினைக்கு ஆறடி கூடுதலாக ஏறுவது பதில் ஆகாது.

அம்பு

வில்லை நின்று இழுக்கும்போது அம்பு, பரண் தளத்திலிருந்து சுமார் 5 அடி மேலிருந்து புறப்படும். மானின் உயிர்ப்பகுதி நடுவம் தரையிலிருந்து ஏறக்குறைய 2 அடி. மேல் தடத்து மானுக்கு, 24 அடிப் பரணிலிருந்து அம்பு 18 அடி இறங்கி 36 அடி போக வேண்டும்: 26.6 டிகிரி. 18 அடியிலிருந்து 12 அடி இறக்கம், 18.4 டிகிரி. 15 அடியிலிருந்து 9 அடி இறக்கம், 14 டிகிரி.

டிகிரியை விட அங்குலத்தில் சொன்னால் புரியும். மானின் மார்பு அகலத்தைப் பத்து அங்குலம் என்று கொண்டால், அம்பு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்போது எவ்வளவு இறங்கியிருக்கும்? 15 அடிப் பரணிலிருந்து இரண்டரை அங்குலம். 18 அடியிலிருந்து 3.3 அங்குலம். 24 அடியிலிருந்து 5 அங்குலம். கீழ்த் தடத்தில் நிலைமை இன்னும் மோசம்: 18 அடியிலிருந்தே 6.4 அங்குலம், 24 அடியிலிருந்து ஏழரை அங்குலம். பயிற்சியின்போது நாம் உயிர்ப்பகுதிக்கு அடையாளமாக வைப்பது 8 அங்குல வட்டம். ஏழரை அங்குலம் இறங்கும் அம்புக்கு அந்த வட்டத்தில் மிச்சம் எதுவும் இல்லை. பக்கவாட்டில் நின்று பார்ப்பதுபோல் நடு நெஞ்சைக் குறிவைத்தால், அம்பு அருகிலிருக்கும் நுரையீரலில் மட்டும் பாய்ந்து அடிவயிற்றுப் பக்கம் வெளியேறும். ஒற்றை நுரையீரலில் அடிபட்ட மான் மைல் கணக்கில் ஓடக்கூடும். நுழைந்த துளை உயரத்தில் இருந்து, வெளியேறும் துளை இல்லாமல் போனால் ரத்தம் மார்புக்குள்ளேயே தேங்கும். தரையில் ரத்தத் தடம் கிடைக்காது. அடிபட்டும் கண்டெடுக்கப்படாத மான்தான் இந்த வேலையின் மிகப் பெரிய தவறு. உயரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைத் தவிர்க்க வேண்டும்.

எந்த உயரத்திலும் பழக வேண்டிய ஒழுங்கு ஒன்று: நுழையும் இடத்தைப் பார்க்காமல் வெளியேறும் இடத்தைப் பார்த்துக் குறிவையுங்கள். தூரத்துப் பக்கத்து முன்காலின் மேல்பாகம் எங்கே இருக்கும் என்று மனத்தில் கண்டு, அங்கே போய்ச் சேரும்படி அம்பை விடுங்கள். கோணம் கூடக் கூட நுழையும் இடம் தானாக மேலே ஏறும்.

தூரமும் ஏமாற்றும். கீழ்த் தடத்துக்குக் கிடைமட்டத் தூரம் 18 கஜம். 24 அடிப் பரணில் நின்று சாதாரண ரேஞ்ச்ஃபைண்டரால் (தூரம் அளக்கும் கருவி) பார்த்தால் சாய்தூரம் 22.5 கஜம் என்று காட்டும். புவியீர்ப்பு அம்பை வளைப்பது ஏறக்குறைய கிடைமட்டத் தூரத்துக்கு மட்டும். வில்லில் 22.5 கஜத்துக்கென உள்ள குறிபார்க்கும் ஊசியால் குறிவைத்தால் அம்பு மேலே போகும். கோணத்தைத் திருத்திக் காட்டும் ரேஞ்ச்ஃபைண்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பகலிலேயே பரணில் அமர்ந்து, உங்கள் கண்மட்டத்தில் உள்ள மரங்களின் தண்டைக் குறிவைத்துத் தூரம் எடுத்து வையுங்கள். அது கிடைமட்டத் தூரம். அம்பு மேலே போவதற்கு இன்னொரு காரணம் உடல். கீழே சுடும்போது பலர் வில் பிடித்த கையை மட்டும் தாழ்த்துகிறார்கள். முதலில் சமமாக இழுத்து, பிறகு இடுப்பில் மடங்க வேண்டும். இதைத் தரையில் நின்று பழக முடியாது. ஹார்னஸ் (விழுந்தால் தாங்கும் உடல்வார்) போட்டுக்கொண்டு, கட்டிய பரணில் ஏறித்தான் பழக வேண்டும்.

விழுந்தால்

அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் கடுமையாகக் காயப்படும் காரணங்களில் மரப்பரணிலிருந்து விழுவது முன்னணியில் இருக்கிறது. 24 அடியிலிருந்து விழுபவர் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 43 கிலோமீட்டர். 18 அடியிலிருந்து 37. 15 அடியிலிருந்து 34. இறக்கினால் ஆபத்து குறைந்துவிடும் என்று இந்த எண்களைப் படிக்கக் கூடாது. 34 கிலோமீட்டரே முதுகெலும்பை முறிக்கப் போதும். சரிவில் பள்ளத்துப் பக்கம் விழுந்தால் இன்னும் ஓரடி கூடுதல். ஆகவே எந்த உயரமானாலும், தரையில் கால் இருக்கும்போதே ஹார்னஸை மாட்டி, திரும்பத் தரையில் கால் வைக்கும்வரை கழற்றாமல் இருக்க வேண்டும்.

உயரத் தேர்வு இதில் நேரடியாகத் தலையிடும் இடங்கள் இரண்டு. முதலாவது லைஃப்லைன். பரணுக்கு மேலே மரத்தில் ஒரு முனையையும் அடியில் மறுமுனையையும் கட்டி, அதில் புரூசிக் என்ற, பாரம் விழுந்தால் இறுகிக்கொள்ளும் முடிச்சை நகர்த்திக்கொண்டே ஏறும் கயிறு அது. கடையில் பரவலாகக் கிடைப்பது 30 அடி நீளம். மேல்முனை, தளத்தில் நிற்பவரின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். அதாவது தளத்திலிருந்து ஆறரை, ஏழு அடி உயரத்தில். 18 அடிப் பரணுக்கு 25 அடியில் கட்டினால் மிச்சக் கயிற்றில் அடியில் சுற்றிக் கட்ட இடம் இருக்கிறது. 24 அடிப் பரணுக்கு 31 அடியில் கட்ட வேண்டும். கயிறு தரைக்கு எட்டாது. எட்டாத கயிற்றை வைத்து முதல் இரண்டு அடி சும்மா ஏறிக்கொள்ளலாம் என்று தொடங்கும் பழக்கம்தான் பின்பு கயிறே இல்லாமல் ஏறுவதில் முடியும்.

இரண்டாவது கிளைம்பிங் ஸ்டிக், அதாவது மரத்தில் வாரால் கட்டி ஏறும் ஏணித்துண்டு. 32 அங்குல ஸ்டிக்குகளைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு, இடையே 20 அங்குல இடைவெளியோடு கட்டினால், நான்காவதன் உச்சி 17 அடியில் முடியும். பரண் தளம் 18 அடியில். அப்போது கால் தளத்துக்கு மேலே தாவ வேண்டியிருக்கும். ஏறுவதும் இறங்குவதும், ஸ்டிக்கிலிருந்து பரணுக்கு மாறுவதும்தான் விழும் நேரங்கள். விதி இது: தளத்துக்கு மேலே ஏறி, தளத்தின் மேல் இறங்கி நிற்க வேண்டும். அதற்கு ஐந்தாவது ஸ்டிக் தேவை. அது 19 அடிக்குச் சற்றுக் கீழே தொடங்கி 21.5 அடி வரை பரணின் பக்கவாட்டில் நிற்கும், கைப்பிடியும் அதுவே. நான்கு ஸ்டிக் மட்டும் இருக்கிறது என்றால் பரணை 15 அடிக்கு இறக்குங்கள், அல்லது இன்னொரு ஸ்டிக் வாங்குங்கள். இடைவெளியை நீட்டி நான்கிலேயே 18 அடியை எட்டப் பார்ப்பது, கனமான குளிர்கால பூட்ஸ் போட்ட காலுக்கு இருட்டில் எட்டாத படிகளை உருவாக்கும்.

உட்கார்ந்த பிறகு ஹார்னஸின் வார் தளர்ந்து தொங்கக் கூடாது. தலைக்கு மேலே மரத்தில் கட்டி, உட்கார்ந்த நிலையில் லேசாக இறுகி நிற்க வேண்டும். தளர்வாக விட்ட வார், விழுபவரைத் தளத்துக்குக் கீழே தொங்கவிட்டுவிடும். மேலே ஏறவும் முடியாது. ஹார்னஸில் அசையாமல் தொங்குபவருக்குக் காலில் ரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே நினைவு தப்பலாம். ஹார்னஸோடு வரும் நிவாரண வாரைக் காலுக்கடியில் போட்டு மிதித்து எழத் தெரிந்திருக்க வேண்டும். போன் மார்புப் பையில் இருக்கட்டும். முதுகுப்பை கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும். எந்த மரத்தில் இருக்கிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வில்லையும் அம்பையும் கையில் பிடித்து ஏறாதீர்கள். பரணில் அமர்ந்து, வார் மாட்டிய பிறகு கயிற்றால் மேலே இழுங்கள். துப்பாக்கி என்றால் குண்டு போடாமல், குழல்வாய் தரையைப் பார்த்தபடி.

மரம்

உயரம் சரியாக அமைந்தும் மரம் சரியில்லை என்றால் பயனில்லை. டிரிஃப்ட்லெஸ் சரிவுகளில் நேராக, கிளையில்லாமல், பரணுக்கென்றே வளர்ந்ததுபோல் நிற்கும் மரம் பல இடங்களில் ஆஷ். அதில் கட்டாதீர்கள். மரகத ஆஷ் வண்டு 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்டது. 2008இல் விஸ்கான்சினுக்கு வந்துவிட்டது. வண்டு தாக்கிய ஆஷ் செத்த பிறகு விரைவில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெளியே நிமிர்ந்து நிற்கும், பாரம் ஏறினால் முறியும். பட்டை உரிந்து இளமஞ்சள் தெரிந்தாலோ, பட்டையில் ஆங்கில D எழுத்து வடிவில் சிறு துளைகள் இருந்தாலோ அந்த மரத்தை விட்டுவிடுங்கள். ஷாக்பார்க் ஹிக்கரி உயிரோடு இருந்தாலும் அதன் பட்டை தகடு தகடாகக் கிளம்பி நிற்கும். வார் பட்டையைத்தான் பிடிக்கும், மரத்தைப் பிடிக்காது, ஏறும்போது சத்தமும் போடும்.

தண்டின் பருமனைத் தரையில் அளந்து முடிவெடுக்காதீர்கள். மேலே போகப் போக அது சிறுக்கும். பரண் தயாரிப்பாளர் தாளில் குறிப்பிட்டுள்ள குறைந்தபட்சப் பருமனுக்குக் குறையாமல் 18 அடி உயரத்துத் தண்டு இருக்கிறதா என்று பாருங்கள். 24 அடியில் அதே மரம் காற்றில் ஆடும் அளவும் கூடும். வில்லை இழுத்து நிற்கும்போது இரண்டு அங்குல ஆட்டம் 12 கஜத்தில் பெரிய விஷயம்.

வார்களை ஆண்டு முழுக்க மரத்திலேயே விட்டுவைப்பவர்கள் அதிகம். வெயில் நைலானை மக்கச் செய்யும்; மரம் பருத்து வாரை இழுத்து இறுக்கும்; அணில் கடிக்கும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் வார் ஒரு ஆகஸ்டு மாலையில் அறுந்து போகும். வேட்டை முடிந்ததும் ஜனவரியில் பரணையும் ஸ்டிக்கையும் இறக்கிவிடுவது நல்லது. இறக்க முடியாவிட்டால், குறைந்தது வார்களைத் தளர்த்தி விடுங்கள். மீண்டும் ஏறும் முன் ஒவ்வொரு வாரையும் கையால் மடித்துப் பார்த்து, வெளுத்ததையும் நூல் பிரிந்ததையும் மாற்றுங்கள். பொது நிலங்களில் பல மாநிலங்கள் மரத்தில் திருகாணி இறக்குவதையும், சில மாநிலங்கள் இரவில் பரணை விட்டுவைப்பதையும் தடை செய்கின்றன. அந்தந்த ஆண்டின் விதித்தாளைப் படியுங்கள்.

துப்பாக்கிப் பருவத்தில் இதே மரம்

விஸ்கான்சினில் துப்பாக்கிப் பருவம் ஒன்பது நாள். நன்றிநவிலல் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங், நவம்பரின் நான்காம் வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அந்த நாட்களில் ஒளிரும் ஆரஞ்சு அல்லது ஒளிரும் இளஞ்சிவப்பு உடை கட்டாயம். இளஞ்சிவப்பை 2016இல் அனுமதித்தார்கள். மானால் ஆரஞ்சையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது என்பதால் மேலே சொன்ன மறைப்புக் கணக்கு மாறாது.

மாறுவது குண்டின் போக்கு. சமதளத்தில் பரணின் பெரிய நன்மை, குண்டு மேலிருந்து கீழே போய் மண்ணில் புதைவது. இந்தச் சரிவில் மேட்டுப் பக்கம் அது நடக்காது. 18 அடிப் பரணில் உட்கார்ந்து பிடிக்கும் துப்பாக்கி ஏறக்குறைய 21 அடியில் இருக்கும். வயலோர மானின் மார்பு 32 அடியில். குண்டு மேல்நோக்கிப் போகிறது. தவறினாலும், உடலைத் துளைத்துச் சென்றாலும், முகட்டுக்கு அப்பால் பண்ணை வீடு இருக்கலாம், டிராக்டர் இருக்கலாம். 24 அடியில் துப்பாக்கி 27 அடி, அப்போதும் மேல்நோக்கித்தான். வயலோரத்தில் வானத்தை ஒட்டி நிற்கும் மானை இந்த மரத்திலிருந்து எந்த உயரத்திலும் சுடக் கூடாது. மேல் தடத்தில், பின்னால் சரிவின் மண் தெரியும் 12 கஜத்திலோ, பள்ளத்துப் பக்கத்திலோ மட்டும். பரணைக் கட்டிய அன்றே மேட்டுப் பக்கத்தில் சுடக்கூடிய எல்லையாக ஒரு மரத்தில் நாடா கட்டிவிடுங்கள். அந்தி வெளிச்சத்தில் நினைவிலிருந்து அந்த எல்லையை முடிவு செய்ய வேண்டியிருக்காது.